காய்ந்தது எல்லாம் கெட்டதல்ல: பாலாடைக்கட்டியும் நம் சமையலறையும்

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து குளுகோரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். ஒரு மாதம், மலிவு விற்பனையில் கிடைத்ததே என்று அரைக் கிலோ செடார் பாலாடைக்கட்டியை வாங்கி வந்தோம். இரண்டு நாள் ரொட்டியில் வைத்துப் பசியாறினோம். பிறகு தேர்வு வந்தது. கட்டியை மறந்தே போனோம்.

மூன்று வாரம் கழித்துக் குளிர்பதனப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது அது அகப்பட்டது. ஓரமெல்லாம் கரும்மஞ்சளாகி, கண்ணாடிபோல் இறுகி, நடுவில் வெடிப்பு விட்டிருந்தது. உறையோடு தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அன்று ஆயர் ஈத்தாமிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த பாட்டி அதைக் கவனித்துவிட்டார்.

"ஏன்யா இதைப் போட்டுட்ட? காஞ்சி போச்சா, இல்ல கெட்டுப் போச்சா?"

இரண்டுக்கும் வேறுபாடு உண்டா என்றே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. பாட்டிக்குப் பாலாடைக்கட்டியைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால், வற்றல் போட்டவருக்கு, மோர்மிளகாய் காயவைத்தவருக்கு, பழைய சோற்றில் நீர் ஊற்றி வைத்தவருக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே வந்தது. அக்கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து நான் கண்ட விடைதான் இக்கட்டுரை. விடுதியிலும் வாடகை வீட்டிலும் சமைக்கும் தம்பி தங்கைகளுக்கும், சொந்தக் குடும்பமாகிவிட்ட முன்னாள் மாணவர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

பெயரும் பொருளும்

அகராதிகள் பாலாடைக்கட்டி என்கின்றன. வீட்டில் நாம் சீஸ் என்கிறோம். உண்மையில் பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாலைத் திரியச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டு அழுத்திப் பெறுவதே இது. ஆகவே, பால்கட்டி என்று சொல்வதே பொருத்தம் என வாதிடுவோரும் உண்டு. பழகிய சொல் என்பதால் நான் இங்குப் பாலாடைக்கட்டி என்றே எழுதுகிறேன்.

ஒரு கிலோ செடார் செய்ய ஏறத்தாழ 10 லிட்டர் பால் வேண்டும். நாங்கள் அன்று வீசியது உள்ளங்கை அளவு கட்டி. அதற்குள் ஒரு வாளிப் பாலின் புரதமும் கொழுப்பும் அடங்கியிருந்தன. மாடு வளர்த்துப் பால் விற்ற குடும்பத்தில் பிறந்த பாட்டியிடம் இதை விளக்கியபோது, "அப்ப ஒரு நாள் கறவையைக் குப்பையில போட்டிருக்க" என்றார்.

ஏன் காய்கிறது?

பினாங்கின் காற்றில் எப்போதும் ஈரம் மிகுதி. துவைத்த துணியே காயாத ஊரில் பாலாடைக்கட்டி மட்டும் எப்படிக் காய்கிறது? விடை குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கிறது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. பெட்டிக்குள் இருக்கும் ஈரம் குளிரூட்டும் குழாயின்மேல் படிந்து, உருகி, வெளியே வடிந்துவிடுகிறது. இப்படி வறண்டுபோன காற்று, மூடாமல் வைத்த எந்தப் பொருளிலிருந்தும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீரை வாடுவதும், பாலாடைக்கட்டி இறுகுவதும் இதனால்தான்.

செடாரின் எடையில் ஏறத்தாழ 37 விழுக்காடு நீர். இத்தாலியின் பர்மெசானில் அது ஏறத்தாழ 30 விழுக்காடு. மொசரெல்லாவிலும் நம் பனீரிலும் பாதி அளவு நீர் இருக்கும். ஆக, காய்ந்த செடார் என்பது பர்மெசானின் இறுக்கத்தை நோக்கி நகர்ந்துவிட்ட செடார். நீர்தான் போயிருக்கிறது. புரதமும் கொழுப்பும் சுண்ணச் சத்தும் உப்பும் அப்படியே இருக்கின்றன. நீர் குறைந்ததால் அதே எடைக்கு உப்பின் அளவு கூடியும் இருக்கும். காய்ந்த கட்டியைச் சமையலில் சேர்க்கும்போது உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததா, கெட்டதா?

இனி பாட்டியின் கேள்விக்கு வருவோம். கையில் உள்ள கட்டியை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வெறுமனே காய்ந்தது. நிறம் கருத்து, ஓரம் இறுகி, சில இடங்களில் எண்ணெய்ப் பசை தெரியும், மணம் மாறியிராது. இது நல்ல பொருள்.

இரண்டாவது, வெண்புள்ளி கண்டது. நாள்பட்ட செடாரின்மேல் வெள்ளை மணல்போல் படியும். அதைப் பூசணம் என்று நினைத்துப் பலர் எறிந்துவிடுகிறார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் அது கால்சியம் லாக்டேட் போன்ற படிகம், தீங்கில்லை. பஞ்சுபோல் மென்மையாக இருந்தால் பூசணம்.

மூன்றாவது, பூசணம் பிடித்த கெட்டிக் கட்டி. செடார், பர்மெசான், ஈடாம் போன்ற இறுகிய வகையானால், பூசணம் கண்ட இடத்தைச் சுற்றியும் ஆழத்திலும் குறைந்தது 2.5 செண்டிமீட்டர் அளவு வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்பதே அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. வெட்டும்போது கத்தி பூசணத்தில் படக்கூடாது. பட்டால் அது நல்ல பகுதிக்கும் பரவிவிடும்.

நான்காவது, பூசணம் பிடித்த மென்கட்டி. பனீர், மொசரெல்லா, கிரீம் சீஸ், மற்றும் எந்த வகையானாலும் முன்பே துருவியது, துண்டு போட்டது ஆகியவை இதில் அடங்கும். ஈரம் மிகுந்த இவற்றில் பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கிருமிகளும் உடன் வளர்ந்திருக்கலாம். இங்குச் சிக்கனம் பார்க்கக்கூடாது. வழவழப்பு, புளித்த நாற்றம், இளஞ்சிவப்பு நிறம் இவற்றில் எது கண்டாலும் அப்படியே எறிந்துவிடுங்கள். பத்து வெள்ளியை மிச்சப்படுத்தி மருத்துவமனைக்கு நூறு வெள்ளி கொடுப்பது சிக்கனமாகாது.

உலகம் அறிந்தே காயவைத்தது

சௌராஸ்தா சந்தைக்குப் போனால் காய்ந்த பொருள்களுக்கு என்ன மதிப்பு என்பது தெரியும். சாதிக்காயும் மாங்காயும் நெல்லிக்காயும் ஜெருக்காகி அடுக்கியிருக்கின்றன. லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் சுண்டைக்காய் வற்றலும் மோர்மிளகாயும் தொங்குகின்றன. நெத்திலியும் கருவாடும் பச்சை மீனைவிட எடைக்கு அதிக விலை போகின்றன. காய்ந்ததைக் காசு கொடுத்து வாங்கும் நாம், வீட்டில் காய்ந்த பாலாடைக்கட்டியை மட்டும் கெட்டது என்கிறோம். அது நம் பாட்டிமார் கையாண்ட பொருள் இல்லை என்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

பாலாடைக்கட்டியைத் தம்முடையதாகக் கொண்ட மக்கள் அப்படி நினைக்கவில்லை. இமயமலைப் பகுதியில் சுர்ப்பி என்ற கட்டியைக் கல்போல் காயவைத்து, வாயில் அடக்கி மணிக்கணக்கில் மெல்கிறார்கள். வங்காளத்தில் போர்த்துக்கீசியர் குடியேறிய ஹூக்ளி ஆற்றங்கரை ஊரான பாண்டெலின் பெயரால் ஒரு சிறுகட்டி வழங்குகிறது. உப்பும் வறட்சியும் மிகுந்த அதை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துத்தான் உண்பார்கள். பிரான்சில் மீந்துபோன பலவகைக் கட்டிகளின் துண்டுகளைப் பூண்டும் திராட்சை மதுவும் சேர்த்து அரைத்து, ஃபுரோமாஜ் ஃபோர் என்று பெயரிட்டு ரொட்டியில் தடவுகிறார்கள். இத்தாலியில் பர்மெசானின் தோலைக்கூடக் காய்கறிச் சாற்றில் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள்.

நமக்கு அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பர் வீட்டில் நீளத் துண்டுகளாக, உப்புக்கரிப்போடு ஒரு பிஸ்கட் கொடுப்பார்கள் அல்லவா? கஸ்தெங்கல் என்ற அப்பெயரே டச்சு மொழியிலிருந்து வந்தது. பாலாடைக்கட்டிக் குச்சிகள் என்பது அதன் பொருள். டச்சுக்காரர்களின் ஈடாம் கட்டி இந்தோனேசியச் சமையலறைகளில் புகுந்து, அங்கிருந்து நம் நாட்டுக்கும் வந்த பலகாரம் அது. ஈரம் குறைந்த கட்டியே அதற்கு ஏற்றது. காய்ந்த செடார் அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

உருகாமல் திரிவது ஏன்?

காய்ந்த கட்டியைத் தட்டில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். எண்ணெய் ஒருபுறம் பிரிந்து ஓடும். மீதி ரப்பர்போல் சுருண்டு கிடக்கும். இதற்குக் காரணம் எளிது.

பாலாடைக்கட்டியில் கேசின் என்ற புரதம் வலைபோல் பின்னியிருக்கிறது. அந்த வலையைக் கால்சியம் முடிச்சுப் போட்டுப் பிடித்திருக்கிறது. கண்ணிகளுக்குள் கொழுப்பும் நீரும் தங்கியுள்ளன. சூடு பட்டால் வலை தளர்ந்து கட்டி உருக வேண்டும். அதற்கு நீர் தேவை. நீர் இல்லாதபோது புரதம் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகிறது, கொழுப்பு வெளியேறிவிடுகிறது. ஆகவே, காய்ந்த கட்டிக்கு நாம் செய்ய வேண்டிய உதவிகள் மூன்று: போன நீரைத் திருப்பித் தருவது, கொழுப்பு பிரியாமல் மாவுப்பொருள் சேர்ப்பது, கால்சியத்தின் முடிச்சைத் தளர்த்துவது.

மூன்றாவது உதவியைத்தான் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் 1911இல் கண்டறிந்தனர். சோடியம் சிட்ரேட் சேர்த்துச் சூடாக்கினால் கட்டி திரியாமல் உருகி, ஆறியபின் நீண்ட நாள் கெடாமலும் இருந்தது. 1916இல் ஜேம்ஸ் கிராஃப்ட் அமெரிக்காவில் இதுபோன்ற வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீலநிற அட்டைப்பெட்டியில் வந்து நம் தலைமுறைக்குச் சீஸ் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்த பதப்படுத்திய செடார் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வெப்ப நாடுகளிலும் பாலாடைக்கட்டி விற்க முடிந்ததற்கு இக்கண்டுபிடிப்பு பெருங்காரணம் எனலாம்.

இதில் நமக்கு ஒரு கைவசப் பாடம் இருக்கிறது. காய்ந்த இயற்கைக் கட்டியை உருக்கும்போது, பதப்படுத்திய சீஸ் துண்டு ஒன்றைக் கூடச் சேருங்கள். அதிலுள்ள உப்புகள் காய்ந்த கட்டியையும் சேர்த்து இளக்கிவிடும். தனியே எந்த இரசாயனமும் வாங்க வேண்டியதில்லை.

நம் அடுப்பில் ஐந்து வழிகள்

எல்லாவற்றுக்கும் முதற்படி ஒன்றே: காய்ந்த கட்டியை மெல்லியதாகத் துருவுங்கள். பெரிய துண்டாக இருந்தால் நீர் உட்புகாது.

1. தோசை. கல்லில் மாவை ஊற்றி, மேற்புறம் ஈரமாக இருக்கும்போதே துருவலைத் தூவி, உடனே மூடி போடுங்கள். மாவிலிருந்து எழும் ஆவியே துருவலுக்கு நீர் தரும். மாவு வெந்தபின் தூவினால் துருவல் கருகுமே தவிர உருகாது. மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்குள் சீஸை வைத்து மடிப்பதும் இதே காரணத்தால் நன்றாக அமைகிறது. மடிப்புக்குள் ஆவி அடைபடுகிறது.

2. குழைந்த சாறு. 100 கிராம் துருவலோடு ஒரு தேக்கரண்டி சோளமாவைப் பிசறி வையுங்கள். 100 மில்லிலிட்டர் பாலைச் சிறுதீயில் சூடாக்கி, கொதிக்குமுன் துருவலைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறுங்கள். இறுதியில் பதப்படுத்திய சீஸ் துண்டு ஒன்றைச் சேருங்கள். நான்கைந்து நிமிடத்தில் வழவழப்பான சாறு கிடைக்கும். மெகி மீயிலோ வேகவைத்த உருளைக்கிழங்கிலோ ஊற்றி உண்ணலாம். தீ கூடினால் திரிந்துவிடும், பொறுமை வேண்டும்.

3. உருளைக்கிழங்குக் கட்லெட். மசித்த கிழங்கோடு துருவல், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை சேர்த்து உருட்டி, முட்டையில் தோய்த்துப் பொரியுங்கள். கிழங்கின் ஈரத்தைக் கட்டி மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். உப்பு போடுமுன் சுவை பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

4. பூண்டுச் சாந்து. பிரெஞ்சுக்காரரின் முறையை நம் வழக்கத்திற்கு மாற்றியது. 150 கிராம் பலவகைத் துண்டுகளுடன் இரண்டு பூண்டுப்பல், 50 கிராம் வெண்ணெய், மூன்று நான்கு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பால், ஒரு சிலிப்பாடி மிளகாய் சேர்த்து அரையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கைந்து நாளில் முடித்துவிட வேண்டும். ரொட்டியில் தடவிச் சுட்டால் அறைத்தோழர்கள் தாமாகவே எழுந்து வருவார்கள்.

5. தீபாவளிக்கு ஒரு பலகாரம். 150 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் நன்கு காய்ந்த துருவல், ஒரு முட்டை மஞ்சள்கரு. பிசைந்து விரல்நீளம் வெட்டி 160 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் சுடுங்கள். சிறிது ஓமம் சேர்த்தால் கஸ்தெங்கல் நம் வீட்டுப் பிள்ளையாகிவிடும். முறுக்கு மாவிலும் இரண்டு கரண்டி துருவல் சேர்க்கலாம். ஆனால், எண்ணெய்ச் சூடு மிதமாக இருக்கட்டும். பால்புரதம் விரைவில் சிவந்துவிடும்.

மரக்கறி உண்போர் கவனிக்க

பாலைத் திரியச் செய்ய மரபாகப் பயன்படுவது ரென்னட். இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது அது. மாட்டிறைச்சி உண்ணாத நம்மில் பலர் இதை அறிவதில்லை. இத்தாலியின் பர்மெசானோ ரெஜ்ஜியானோ இன்றும் கன்று ரென்னட்டைக் கொண்டே செய்யப்பட வேண்டும் என்பது விதி. அதே நேரத்தில், நுண்ணுயிர்களிலிருந்து பெறும் நொதியை அமெரிக்கா 1990இல் ஏற்றுக்கொண்ட பின்னர், இன்று சந்தையிலுள்ள செடாரில் பெரும்பகுதி அவ்வகையே. உறையில் நுண்ணுயிர் ரென்னட் என்றோ மரக்கறிக்கு உகந்தது என்றோ குறித்திருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். நம் பனீருக்கு இச்சிக்கல் இல்லை. எலுமிச்சைச் சாறோ தயிரோ போதும்.

காயாமல் காப்பது எப்படி?

தேவைக்கேற்பச் சிறிய கட்டியாக வாங்குவதே முதல் வழி. மலிவு விற்பனையின் அரைக் கிலோ, ஐந்து பேர் உள்ள வீட்டிலேயே மீந்தது என்பதை நான் மறக்கவில்லை. வெட்டிய முகத்தில் சிறிது எண்ணெய் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் காய்கறித் தட்டில் வையுங்கள். காடியில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி வைப்பது பழைய முறை. ஈரமும் காக்கும், பூசணமும் தடுக்கும். பயன்படுத்த நாளாகும் என்று தெரிந்தால் துருவி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த துருவல் உதிர்ந்து போகுமாதலால் ரொட்டியில் வைத்து உண்ண ஏற்றதன்று, சமையலுக்குக் குறைவில்லை.

குப்பைக்குப் போனால்

ஒரு துண்டுக் கட்டிக்கு இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். பினாங்குத் தீவில் நாம் எறிவது தீவிலேயே நின்றுவிடுவதில்லை. பத்து மாவுங் இடைமாற்று நிலையம் சென்று, அங்கிருந்து பெருநிலத்தில் நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள பூலாவ் பூரோங் குப்பைக்கிடங்கை அடைகிறது. அங்கு உணவுக் கழிவு காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. 2022 ஜனவரியில் அக்கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது, சுற்றுவட்டார மக்கள் பல நாள் புகையில் தவித்தனர். குப்பையைப் பிரித்துப் போடும் திட்டத்தைப் பினாங்கு 2016 ஜூன் முதல் தொடங்கியது. பிரிப்பது நல்லதே. ஆனால், உண்ணத்தக்கது குப்பைக்கே போகாமல் இருப்பது அதனினும் நல்லது. நம் சமையலறையில் தீர வேண்டியதை நிபோங் திபால்காரர் மூச்சில் ஏற்றுவது முறையாகாது அல்லவா?

அன்று பாட்டி உறையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தார். கட்டியை முகர்ந்தார், புரட்டிப் பார்த்தார், ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். "உப்பாத்தான் இருக்கு. கெடல" என்றார். தேங்காய்த் துருவியைக் கேட்டார். அன்று இரவு ஐந்து பேரும் தோசை உண்டோம். துருவலை எப்போது தூவ வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை; முதல் தோசையில் கருகியது, இரண்டாவதில் மூடி போட்டார்.

அடுத்த முறை குளிர்பதனப் பெட்டியின் மூலையில் இறுகிய கட்டி ஒன்று அகப்பட்டால், கூடையைத் தேடுமுன் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். காய்ந்ததா, கெட்டதா? கெட்டதென்றால் தயங்காமல் எறியுங்கள். காய்ந்தது என்றால் துருவியை எடுங்கள்.